ஊர்ப்பெயர்த் தரவுத்தளத்தைக் கட்டளை வரியில் சரிபார்த்தல்: கல்வராயன் மலையை முன்வைத்து

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை வட்டத்திற்கு வெள்ளிமலை தலைமையிடமாகும். இம்மலையின் ஊர்ப்பெயர்களை ஆவணங்களிலிருந்தும் களத்திலிருந்தும் திரட்டி எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேமிக்கும் ஆய்வாளர், எத்தனை ஊர்கள் என வினவினால் உடனே விடை பெறுகிறார். அவ்விடை நம்பத்தக்கதா என்பதை அட்டவணையின் உள்ளடக்கத்தைப் பார்த்தே அறிய இயலும். அதற்குரிய வழிமுறையை இக்கட்டுரை விளக்குகிறது. உரோமன் எழுத்தில் தட்டச்சு செய்யவேண்டிய கட்டளைகள் இங்கு ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன.

அட்டவணைகளைக் காணல்

கோப்பை 'ரீட்ஒன்லி' விருப்பத்துடன் திறப்பது முதற்படி. இதனால் தரவு தவறுதலாக மாறாது. இவ்விருப்பமின்றிக் கோப்பின் பெயரைப் பிழையாகத் தட்டச்சு செய்தால், வெற்றுத் தரவுத்தளம் ஒன்று திறக்கப்படும். தரவு அழிந்துவிட்டதெனப் புதியவர் அஞ்ச நேரும். '.டேபிள்ஸ்' அட்டவணைகளின் பெயர்களையும், '.ஸ்கீமா' அவற்றின் நிரல்களையும் தரவுவகைகளையும் காட்டும். 'செலக்ட் * ஃப்ரம் ஊர்கள் லிமிட் 5;' என்பது 'ஊர்கள்' அட்டவணையின் ஐந்து நிரைகளை மட்டும் காட்டும்.

மாவட்டப் பெயர்கள்

'செலக்ட் மாவட்டம், கவுண்ட்(*) ஃப்ரம் ஊர்கள் குரூப் பை மாவட்டம்;' என வினவினால், ஒரே மலைப்பகுதி பல பெயர்களின்கீழ்ச் சிதறியிருப்பது தெரியவரும். தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993இல் விழுப்புரமும், விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சியும் பிரிந்தன. ஆகவே, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெள்ளிமலை விழுப்புரம் மாவட்டத்தில் இடம்பெறும். கருமந்துறை உள்ளிட்ட மலையின் மற்றொரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. 'கள்ளக்குறிச்சி' என்று மட்டும் வடிகட்டுபவர் பழைய ஆவணங்களின் நிரைகளையும் சேலம் பகுதியையும் ஒருங்கே இழப்பார். ஆவணத்தில் உள்ள மாவட்டத்தையும் இன்றைய மாவட்டத்தையும் தனித்தனி நிரல்களில் பதிவதே இதற்குத் தீர்வு.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு

'குரூப் பை' கட்டளையை ஊர்ப்பெயர் நிரலுக்குப் பயன்படுத்தும்போது, 'தொரடிப்பட்டு' என்ற பெயர் இருமுறை தோன்றக்கூடும். திரையில் இரண்டும் ஒன்றே. ஆயின் ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். எஸ்கியூலைட் இயல்பாகப் பைட்டுகளையே ஒப்பிடுவதால் இவற்றை இருவேறு ஊர்களாகக் கொள்ளும்.

'லெங்த்' சார்பு இதனை வெளிப்படுத்தும். அது தமிழ் எழுத்துகளை எண்ணுவதில்லை, குறியெண்களையே எண்ணும். ஐந்து எழுத்துகளையுடைய 'வெள்ளிமலை'க்கு அது 9 எனக் காட்டும். யுடிஎஃப்-8 குறிமுறையில் அப்பெயர் 27 பைட்டுகள் கொள்ளும். அவ்வாறே, ஏழு எழுத்துகளையுடைய 'தொரடிப்பட்டு'க்கு ஒரு நிரையில் 12 எனவும் மற்றொன்றில் 13 எனவும் வந்தால், ஒகரக் குறி இருவகையாகப் பதிவாகியிருக்கக்கூடும். தரவுத்தளத்தின் படியொன்றை எழுதத்தக்க நிலையில் திறந்து, 'ரீப்ளேஸ்' சார்பினால் 3014, 3006 ஆகிய இரு குறியெண்களின் தொடரை 3018 ஆக மாற்றினால் இவ்வேறுபாடு நீங்கும். ஓகாரத்திற்கு 3015, 3006 ஆகியவற்றை 3019 ஆக மாற்றவேண்டும்.

முடிவுரை

எழுத்துகளின் எண்ணிக்கையை 'லெங்த்' மதிப்பிலிருந்து நேரடியாகக் கொள்ளும் சொல்லாய்வும், சரிபார்க்காத நிரைகளை எண்ணும் ஊர்ப்பெயராய்வும் பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும். மாவட்டப் பிரிவினையும் குறிமுறை வேறுபாடும் எண்ணிக்கையில் புலப்படுவதில்லை. நிரைகளைப் பார்க்கும்போதே புலப்படும். எனவே எண்ணுவதற்கு முன் பார்த்தல் என்பதைத் தரவுசார் தமிழாய்வின் முதல் நெறியாகக் கொள்ளலாம்.