போலி வெள்ளி நாணயமும் பொருந்தாத இரண்டு எண்களும்

முதலீட்டுக்காக வாங்கப்படும் வெள்ளி நாணயங்களுள் உலகச் சந்தையில் பெரிதும் புழங்குவனவற்றில் ஒன்று, அமெரிக்க அரசின் நாணயச்சாலை 1986 முதல் அச்சிட்டுவரும் 'சில்வர் ஈகிள்' ஆகும். 99.9 விழுக்காடு தூய வெள்ளியாலான இதன் எடை ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.103 கிராம், விட்டம் 40.6 மில்லிமீட்டர், விளிம்பில் அளந்த தடிமன் 2.98 மில்லிமீட்டர். முகமதிப்பு ஒரு டாலர் மட்டுமே என்றாலும், இதற்குத் தரப்படும் விலை உள்ளிருக்கும் வெள்ளிக்கான விலை என்பதால், மலிவான உலோகத்தின்மேல் வெள்ளி முலாம் பூசிய போலியை வாங்கியவருக்கு ஏறத்தாழ முழுப் பணமும் இழப்பே. நாணயத்தின் உருவத்தையும் பளபளப்பையும் நகலெடுப்பது இன்று கடினமன்று. ஆனால் வெள்ளியின் அடர்த்தியையும் அதன் மின்கடத்துதிறனையும் ஒருசேரக் கொண்ட வேறு தனி உலோகம் எதுவும் இல்லை. சோதனைகளின் வலிமை முழுவதும் இந்த ஓர் உண்மையிலேயே தங்கியிருக்கிறது.

ஒரு கன சென்டிமீட்டர் பொருளின் எடை எத்தனை கிராம் என்பதே அடர்த்தி. வெள்ளிக்கு அது 10.49, செம்புக்கு 8.96, ஈயத்துக்கு 11.34. எடையும் வெளி அளவுகளும் சரியாக இருந்தால் அடர்த்தியும் சரியாகத்தான் இருக்கும் என்று பலர் நம்புவது இயல்பே எனினும், அந்த நம்பிக்கை பிழையானது. சில்வர் ஈகிளின் விட்டத்தையும் தடிமனையும் கொண்டு உருளையின் கன அளவைக் கணக்கிட்டால் 3.86 கன சென்டிமீட்டர் கிடைக்கும், ஆனால் 31.103 கிராம் வெள்ளி அடைத்துக்கொள்ளும் இடம் 2.97 மட்டுமே. விளிம்பு உயர்ந்தும் நடுப்பரப்பு தாழ்ந்தும் இருப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அதே எடையுள்ள செம்புக்கு 3.47 கன சென்டிமீட்டர் தேவை என்பதால், நடுப்பரப்பின் பள்ளத்தைக் குறைத்து அந்த மிகுதியை உள்ளேயே ஒளித்துவிட இயலும். வெர்னியர் அளவி இதைக் காட்டித் தராது.

நீர் காட்டித் தரும். தராசின்மீது நீர் நிரம்பிய குவளையை வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி பிடித்தால், தராசு காட்டும் எண் நாணயம் விலக்கிய நீரின் எடையாகும். உண்மையான சில்வர் ஈகிளுக்கு அது 2.96 கிராம் அளவில் அமையும். நாணயத்தின் எடையை இதனால் வகுத்தால் 10.5 வரும். இங்கே தராசின் நுட்பம் மிக முக்கியம். 0.1 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசு 2.9 என்று காட்டினால் விடை 10.7 ஆகவும், 3.0 என்று காட்டினால் 10.4 ஆகவும் மாறிவிடும், ஆகவே 0.01 கிராம் காட்டும் தராசு இன்றி இச்சோதனையில் இறங்குவதில் பயனில்லை. நாணயத்தில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழிகூடக் கன அளவை மிகுத்துக் காட்டி நல்ல நாணயத்தைப் போலியாக்கிவிடக்கூடும் என்பதால், நீரில் ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் விடுவது நன்று.

ஆனால் அடர்த்தியையும் ஏமாற்ற முடியும். எடையில் ஏறத்தாழ 85 பங்கு ஈயமும் 15 பங்கு வெள்ளீயமும் கலந்த உலோகம் வெள்ளியின் அடர்த்தியை நெருங்கிவிடும். மாலிப்டினத்தின் அடர்த்தியோ இயல்பாகவே 10.28. இவற்றை அம்பலப்படுத்துவது இரண்டாவது எண்ணாகிய மின்கடத்துதிறன். அறைவெப்பநிலையில் உலோகங்கள் அனைத்திலும் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. மாலிப்டினத்தின் திறன் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஈயக் கலவையின் திறன் பத்தில் ஒரு பங்கையும் எட்டாது. சாய்த்துப் பிடித்த நாணயத்தின்மேல் சிறிய நியோடிமியம் காந்தம் ஒன்றை விட்டால் அது ஒட்டாது. ஆயினும் விரைந்து விழாமல் தயங்கித் தயங்கி வழுக்கி இறங்கும். நகரும் காந்தம் உலோகத்தினுள் தூண்டும் வட்டவடிவ ஓட்டங்கள், அதாவது சுழல் மின்னோட்டங்கள், தம்மை உண்டாக்கிய நகர்வையே எதிர்க்கும் காந்தப்புலத்தைத் தோற்றுவிப்பதால் இந்தத் தயக்கம் நேர்கிறது. ஈயக் கலவையின்மேல் காந்தம் தடையின்றி ஓடிவிடும்.

நாணயத்தின்மீது பனிக்கட்டியை வைத்து, அது எவ்வளவு விரைவாக உருகுகிறது என்று பார்ப்பதும் பரவலான வழக்கம். கண்ணுக்கு விருந்தான சோதனைதான். ஆனால் காந்தச் சோதனைக்குப்பின் இது புதிதாக எதையும் சொல்வதில்லை. உலோகத்தில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் சுமந்து செல்பவை அதே எலக்ட்ரான்களே என்பதால், ஒன்றை நன்கு கடத்துவது மற்றதையும் நன்கு கடத்தும். இயற்பியலாளர்களான வீடமனும் ஃபிரான்சும் 1853-இல் கண்டறிந்த விதி இது. இரண்டு சோதனைகளிலும் வென்றதாக மகிழ்பவர் உண்மையில் ஒரே கேள்வியை இருமுறை கேட்டவராவார். செம்பு அவ்விரண்டிலும் எளிதாகத் தேறிவிடும். அச்செம்பை விலக்கிவைப்பது மேற்சொன்ன நீர்ச்சோதனைதான்.

உரைகல்லும் அமிலமும் நாணயத்தில் தழும்பை உண்டாக்குவதோடு மேற்பரப்பை மட்டுமே ஆராய்கின்றன. விலைமிக்க எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியும்கூட வெள்ளியினுள் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்துக்குமேல் பார்ப்பதில்லை என்பதால், தடித்த முலாம் அதையும் மறைத்துவிடும். 2021-இல் சில்வர் ஈகிளின் வடிவமைப்பு மாறியபோது விளிம்பு வரிகளுக்கிடையே ஓரிடத்தில் இடைவெளி சேர்க்கப்பட்டது. இத்தகைய அடையாளங்கள் உதவக்கூடியவை எனினும், உள்ளிருப்பது என்ன என்பதற்கு அவை சான்றாக மாட்டா.

மிகக் கடினமான போலி, நடுவில் சிறிதளவு டங்ஸ்டனை வைத்துச் செம்பால் போர்த்தி, மேலே வெள்ளி பூசியதாக இருக்கக்கூடும். டங்ஸ்டனின் அடர்த்தி 19.3 என்பதால், கன அளவில் ஏறத்தாழ 15 விழுக்காடு அதைச் சேர்த்தாலே நீர்ச்சோதனை தோற்றுவிடும். செம்புப் போர்வை காந்தத்தையும் தயங்க வைத்துவிடும். இங்கே துணைக்கு வருவது, மாறுதிசை மின்னோட்டம் பாயும் சிறு கம்பிச்சுருளை நாணயத்தின் அருகே வைத்துக் கடத்துதிறனை அளக்கும் கருவி. மின்னோட்டம் நொடிக்குப் பத்து லட்சம் சுற்றுகளாக மாறும்போது அதன் புலம் வெள்ளியினுள் 0.06 மில்லிமீட்டர் அளவே நுழைகிறது. ஆயிரம் சுற்றுகள் எனக் குறைத்தால் 2 மில்லிமீட்டர் வரை செல்கிறது. தூய வெள்ளியாயின் இரண்டு அளவுகளும் ஒரே கடத்துதிறனைத் தரும். முலாமாயின் முதல் அளவு வெள்ளிக்குரிய எண்ணையும், இரண்டாவது அதைவிடக் குறைந்த எண்ணையும் காட்டும். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலேயே இதைச் செய்துவிடலாம்.