வற்றும் குட்டையில் வாழும் மீன்

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், மொசாம்பிக்கின் தெற்குப் பகுதியில், மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கும் குட்டைகள் பல உள்ளன. சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், அவை வற்றிவிடும். பின்னர்த் தரை கரிசல் நிலம்போல் வெடித்துக் கிடக்கும். ஆயினும் அடுத்த மழைக்குப் பின் அங்கே மீண்டும் மீன்கள் திரிகின்றன.

இம்மீன் 1968-இல், அன்று ரொடீஷியா எனப்பட்ட ஜிம்பாப்வேயின் கோனரேஷோ பகுதியில் பிடிக்கப்பட்டது. 1971-இல் நோத்தோபிராங்கியஸ் ஃபர்சரி எனப் பெயரிடப்பெற்றது. பெயர்தான் நீண்டது, மீனோ விரலளவே. மொசாம்பிக் குட்டைகளில் இது பொரித்த 14 நாட்களிலேயே பருவமெய்துவது உண்டென 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. முதுகெலும்புள்ள பிராணிகளுள் இத்துணை விரைவு வேறெதற்கும் இருப்பதாக அப்போது அறியப்படவில்லை.

பெண்மீன் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேற்றில் இடுகிறது. நீர் வற்றியதும் பெற்றோர் மடிய, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள முட்டைகள் மண்ணில் எஞ்சுகின்றன. கோழிமுட்டையை அடைகாத்தால் கரு இடைவிடாது வளர்ந்து குறித்த நாளில் குஞ்சாகும். இம்மீனின் கருவோ வளர்ச்சியை இடையிலே நிறுத்தி உறங்க வல்லது. உயிரணுக்கள் உடலாகத் திரளுமுன் ஒருமுறை, மூளையும் இதயமும் உருவானபின் ஒருமுறை, குஞ்சு முழுமையடைந்து வெளிவரக் காத்திருக்கையில் ஒருமுறை என மூன்று நிலைகளில் இவ்வுறக்கம் நிகழலாம்.

ஒரு தாயின் முட்டைகள் யாவும் ஒருசேர உறங்குவதில்லை, ஒருசேர விழிப்பதுமில்லை. இவ்வினத்தின் பிழைப்பு இதில்தான் இருக்கிறது. பருவந்தவறிய மழையால் குட்டை அரைகுறையாக நிரம்பினால், ஆயத்தமாயிருந்த குஞ்சுகள் வெளிவந்துவிடும். பத்து நாளில் நீர் வற்றினால் அவை அத்தனையும் மாளும். எல்லா முட்டைகளும் அம்மழையை நம்பியிருந்தால் அக்குட்டையில் மீனே அற்றுப்போகும். விதைநெல் முழுவதையும் முதல் மழைக்கே இறைத்துவிடாத உழவனைப் போன்று, உறங்கும் கருக்கள் மண்ணிலேயே கிடந்து உண்மையான மழைக்குக் காத்திருக்கின்றன.

நீர் வற்றாத சோதனைச்சாலைத் தொட்டியிலும் இம்மீன் நெடுநாள் வாழ்வதில்லை. சில மாதங்களுக்குள் நிறம் மங்கி, உடல் மெலிந்து, மூப்படைந்து இறக்கிறது. மூப்பின் காரணங்களை ஆராய்வோர்க்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. 2015-இல் இதன் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டது.

உறங்கிய காலம் ஆயுளில் கழிகிறதா என்ற வினாவிற்கு 2020-இல் விடை கிடைத்தது. நெடுநாள் உறங்கிய கருவிலிருந்து வந்த மீனுக்கும் உறங்காத கருவின் மீனுக்கும் வளர்ச்சியிலோ, இனப்பெருக்கத்திலோ, வாழ்நாளிலோ வேறுபாடு காணப்படவில்லை. அவ்வுறக்கம் வெறும் செயலற்ற நிலையுமன்று. சி.பி.எக்ஸ். 7 என்னும் புரதம் அப்போது தசைகளைச் சிதையாமல் காக்கிறது. அது இல்லாத கருக்களால் உறக்கத்தைச் சரிவர நீடிக்க இயலவில்லை.