கண்ணாடிக் குடத்தில் இருபது சீட்டு

அவளுக்கு வயது 16. ஊர்ச் சதுக்கத்தில் வைத்திருக்கும் கண்ணாடிக் குடத்துக்குள் அவள் பெயர் எழுதிய சீட்டு 20 கிடக்கிறது. அவளோடு வேட்டைக்கு வரும் கேலுக்கு வயது 18. அவன் பெயரில் 42 சீட்டு. அவள் வயதுதான் மேயர் மகளுக்கும். மேயர் மகளுக்கு ஐந்துதான் இருக்கும்.

சுசான் காலின்ஸ் எழுதி 2008இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலின் முதல் அத்தியாயத்திலேயே இந்தக் கணக்கு வந்துவிடுகிறது. 12 வயதில் ஒரு சீட்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று கூடும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. வீட்டில் சோற்றுக்கு வழியில்லையா? கூடுதலாக ஒரு சீட்டுப் போட ஒப்புக்கொண்டால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கென்று கொஞ்சம் தானியமும் எண்ணெயும் தருவார்கள். கதை நாயகியான அந்த 16 வயது காட்னிஸ் தனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்குமாக ஆண்டுதோறும் மூன்று சீட்டு சேர்த்துப் போட்டாள். ஐந்தாவது ஆண்டில் மொத்தம் 20. குலுக்கலில் பெயர் வந்த 24 பிள்ளைகள், ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தாக வேண்டும்.

உலகம் அழிந்துபோன கதைகளை இந்த வயதுப் பிள்ளைகள் ஏன் இப்படி விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சீட்டுக் கணக்கைத்தான் காட்டுவேன். வறட்சி, புயல், தீ, ஊர்களை விழுங்கிய கடல், அப்புறம் போர் என்று வட அமெரிக்கா அழிந்த கதையைக் காலின்ஸ் சில வரிகளில் முடித்துவிடுகிறார். மிச்சமிருந்த தானியத்தை யார் கையில் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் மீதிக் கதை. 'குலுக்கல் எல்லாருக்கும் பொதுதானே' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, யார் பெயர் எத்தனை தடவை உள்ளே கிடக்கிறது என்று எண்ணிக் காட்டுகிறது இந்தப் புத்தகம். தன் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது பொய்யில்லை என்று அதற்குப் புரிகிறது. அந்த வயதில் அது பெரிய ஆறுதல்.

ஓர் இரவு தொலைக்காட்சியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது, இளைஞர்கள் மோதும் ரியாலிட்டி போட்டியும் ஈராக் போர்க் காட்சிகளும் கண்ணில் கலந்துபோனதில் பிறந்த கதை இது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். அவர் தந்தை அமெரிக்க விமானப்படையில் இருந்து வியட்நாம் போருக்குப் போனவர்.

பள்ளிகளில் இந்த நூல் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில், அதிக எதிர்ப்புக்குள்ளான பத்து நூல்களில் ஒன்றாக 2010, 2011 இரண்டு ஆண்டும் இடம்பெற்றது. பிள்ளைகள் கொலையைப் படிப்பதா என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த 24 பேரில் ஒருத்தியான ரூ என்கிற 12 வயதுச் சிறுமி ஈட்டி பாய்ந்து சாகும் இடத்தைப் படித்துப் பாருங்கள். காட்னிஸ் அவளுக்குப் பாட்டுப் பாடுகிறாள், உடலைப் பூக்களால் மூடுகிறாள். பிறகு ரூவின் ஊரிலிருந்து காட்னிஸுக்கு ஒரு ரொட்டி வந்து இறங்குகிறது. அரைவயிற்றுச் சனங்கள் காசு சேர்த்து அனுப்பியது. சாவை வேடிக்கையாக்க நினைக்கும் கை அந்த ரொட்டியை எழுதாது.

கதையின் தொடக்கத்தில் நடக்கும் குலுக்கலில் வந்தது காட்னிஸின் பெயர் இல்லை. ஒரே ஒரு சீட்டு இருந்த தங்கை பிரிமின் பெயர். அக்காள் முன்வந்து அவள் இடத்தை ஏற்கிறாள். கைதட்டச் சொல்கிறாள் குலுக்கல் நடத்தத் தலைநகரிலிருந்து வந்தவள், ஒருவரும் தட்டவில்லை. ஊர்மக்கள் மூன்று விரலை உதட்டில் வைத்து எடுத்து, காட்னிஸை நோக்கி நீட்டுகிறார்கள்.

2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அந்த மூன்று விரல் தெருவுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், பிரதமர் பிரயுத் சான் ஓச்சா முன்னால் விரலை உயர்த்திய மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021இல் மியான்மரிலும் மக்கள் அதே விரல்களை உயர்த்தினார்கள். அந்த நாட்டின் ஐ.நா. தூதர் சோ மோ துன், பிப்ரவரி 26 அன்று பொதுச் சபையில் ராணுவ ஆட்சிக்கு எதிராகப் பேசி முடித்து மூன்று விரலை உயர்த்தினார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கையில் இந்தப் புத்தகம் இருந்தால் பிடுங்காதீர்கள். அது படித்து முடித்ததும் வாங்கி, முதல் அத்தியாயத்தையாவது நீங்களும் படியுங்கள்.