ஐம்பது காசுக்குக் கணக்குப் போட்டவர் யார்?

நிபோங் திபாலுக்கு வெளியூரிலிருந்து யார் வந்தாலும் 99 கதவு பங்களாவைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். கெலடோனியா தோட்டத்துத் துரை மாளிகை அது. அதன் பேய்க் கதைகள் எல்லாருக்கும் தெரியும். மே தினச் சிறப்பிதழுக்கு எழுதச் சொன்னதும் நான் தேடிப் போனது வேறொரு வீட்டை. தோட்டத்து நிலத்தில் எழுந்த தாமான் ஒன்றில், வரிசையின் கடைசி வீடு. அங்கே இருப்பவர் ஆயுளில் பெரும்பகுதியைத் தொழிற்சங்க ஆய்வாளராகக் கழித்தவர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் ஐயா என்றே எழுதுகிறேன்.

"சங்கத்துல மேடையில பேசுனவங்கள எல்லாருக்கும் தெரியும் தம்பி. அவங்க சட்டைப் பையில இருந்த துண்டுக் காகிதத்த யாரு எழுதுனதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க," என்றார்.

அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் சம்பளம் இருக்கிறது. முதலாளி தரப்பு மேசைக்கு வரும்போது கணக்காளர், வழக்கறிஞர், அச்சடித்த அட்டவணை எல்லாம் கூடவே வரும். எதிரே இருப்பவர் பால் மரம் வெட்டிவிட்டுக் குளித்து வந்த கிளைச் செயலாளர். "வீட்டுச் செலவு கட்டுபடி ஆகல" என்று அவர் சொன்னால் அது முறையீடு. எத்தனை வெள்ளி கட்டுபடி ஆகவில்லை, எந்த ஆண்டிலிருந்து, எதனால் என்று அவர் கையில் தாள் இருந்தால்தான் அது கோரிக்கை ஆகிறது. அந்தத் தாளைத் தயாரிப்பவர் ஆய்வாளர்.

ஐயா உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அட்டை போய்விட்டது. அவருடைய அம்மா கெரியான் ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், பிள்ளைக்குச் சிலேட்டு, மாரியம்மன் திருவிழா வரி என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தின் அடியில் தோட்டம் கொடுத்த சம்பளம், அதற்குக் கீழே பற்று. மழைநாளுக்கு மட்டும் ஒரு சுழி. "என் முதல் ஆய்வறிக்கை இதுதான்" என்றார். நெடுநேரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தோட்டப்புறத்தில் சம்பளக் கணக்கு நமக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைப் போட்டவர்கள் வேறு ஆட்கள். 1920களில் மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயச் சம்பளம் வகுக்கப்பட்டபோது, ஒரு ஆளுக்கு மாதம் எவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய், துணி வேண்டும் என்று பட்ஜெட் போட்டுப் பார்த்தார்கள். முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று முடிவானது. உலக வாணிபம் படுத்து ரப்பர் விலை சரிந்ததும், 1930இல் அது 40, 32 ஆயிற்று. இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரியார் 1936 கடைசியில் வந்து தோட்டங்களைப் பார்த்தார். பழைய 50, 40 திரும்ப வேண்டும் என்று 1937 அறிக்கையில் எழுதினார். அந்த அளவு திரும்பியது. மறு ஆண்டே மீண்டும் குறைப்பு என்ற பேச்சு எழ, 1938 ஜூனில் தோட்ட வேலைக்கு உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் இடையே ஐந்து காசு, பத்துக் காசு அவ்வளவு பெரிய விஷயமாயிற்று.

இத்தனையிலும் லயத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் எழுதிய கணக்கை யாரும் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. அவள் எவ்வளவு தின்ன வேண்டும் என்பதை அவள் சார்பில் மற்றவர்கள் எழுதினார்கள். பெண்ணின் வயிறு ஆணின் வயிற்றில் ஐந்தில் நான்கு பங்கு என்று அந்த 40 காசு சொல்கிறது. எங்கள் பாட்டிமார் சிலர் இந்த மண்ணில் அந்த 40 காசுக்குப் பால் வெட்டியவர்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

1954இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.நாராயணன் பொதுச் செயலாளரானார். கணக்குப் போடும் பொறுப்பு முதன்முறையாக நம்மவர் கைக்கு வந்தது அப்போதுதான் என்று ஐயா சொல்கிறார். தோட்ட முதலாளிகளின் அமைப்பான மாப்பாவுடன் நடந்த பேச்சுகளைப் பற்றி வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தின் ஏடான சங்கமணி படித்த வீடுகளில் அது சாப்பாட்டு நேரப் பேச்சாகவே இருந்தது.

ஆய்வாளருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். "வாளியில தண்ணி எவ்வளவு, பால் எவ்வளவுன்னு தெரிஞ்சிருக்கணும்," என்றார்.

விளக்கினார். மங்கிலிருந்து வாளிக்கு வரும் பாலில் காய்ந்த ரப்பர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் இருக்கும். சம்பளம் காய்ந்த ரப்பருக்கு. பால் ஸ்டோரில் மெட்ரோலேக் குழாயை மிதக்கவிட்டு ஒரு எண்ணைப் படிப்பார்கள். கிராணி எழுதிக்கொள்வார். இருபது கிலோ பால் கொண்டுவந்தவருக்கு நூற்றுக்கு 35 என்று படித்தால் ஏழு கிலோ. 32 என்று படித்தால் ஆறு கிலோ நானூறு கிராம். ஒரு நாளைக்கு அறுநூறு கிராம் பெரிதாகத் தெரியாது. 24 நாளில் பதினான்கு கிலோவைத் தாண்டுகிறது. அந்த 24க்கும் ஒரு கதை உண்டு. 1955 வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளாவது வேலை தர வேண்டும் என்று எழுதி வைத்தது. மழைக்காலத்தில் அடுப்பெரிந்தது அந்த வரியால். எத்தனை நாள் காலை ஆள்கணக்கான பிரட்டுக்கு வந்தும் வேலையில்லாமல் திரும்பினார்கள் என்பதைக் காட்ட ஐயா செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் படியெடுத்திருக்கிறார், மாதம் மாதமாக.

செம்பனை வந்தபின் கணக்கு மாறியது. குலையின் எடை, மரத்தின் வயது, உயரம், காட்டின் சரிவு, உதிரிப் பழம் பொறுக்கும் கை. பல இடங்களில் உதிரி பொறுக்கிய மனைவியின் உழைப்பு கணவன் பெயரில் ஏறியது. தாளில் ஒரு ஆள், காட்டில் இரண்டு ஆள். இதைக் கண்டுபிடிக்கப் புள்ளிவிவரப் படிப்பு போதாது. விடியற்காலையில் காட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

சட்டம் தரும் அவகாசம் குறைவு. 1967 தொழில் உறவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி சங்கம் பேச்சுக்கு எழுத்தில் அழைத்தால் மறுதரப்பு 14 நாளில் பதில் தர வேண்டும். ஏற்றுக்கொண்டால் 30 நாளில் பேச்சு தொடங்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் குறைந்தது மூன்று ஆண்டுக்கு அது கட்டுப்படுத்தும். அதாவது அந்தச் சில வாரங்களில் கையில் இருக்கும் எண்ணை வைத்து ஒரு குடும்பம் மூன்று ஆண்டு வாழ வேண்டும். அழைப்புக் கடிதம் போனபிறகு கணக்குத் தேட உட்காருபவர் ஏற்கெனவே தோற்றவர் என்று ஐயா சொன்னார். கம்பெனியின் ஆண்டறிக்கை, செம்பனை வாரியத்தின் மாத விலை, பக்கத்துத் தொழிலில் முடிந்த ஒப்பந்தங்கள், தொழிலியல் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் அலமாரியில் முன்பே இருந்தாக வேண்டும்.

பேச்சு முறிந்து நீதிமன்றம் போனால் நிற்பது ஓர் எண். பயனீட்டாளர் விலைக் குறியீடு. மூன்று ஆண்டில் அது எவ்வளவு ஏறியதோ அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சம்பளச் சரிக்கட்டாகத் தருவது நெடுநாள் வழக்கம். 1,700 வெள்ளி வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். விலைவாசி நூற்றுக்கு ஆறு ஏறியது என்று வைத்தால் அவருக்குச் செலவு 102 வெள்ளி கூடியிருக்கிறது. வழக்கப்படி கிடைப்பது 68. குறைவது மாதம் 34 வெள்ளி, மூன்று ஆண்டில் 1,224 வெள்ளி. அடுத்த பேச்சு அந்தக் குறைந்த படியிலிருந்தே தொடங்கும். வருடாந்திர உயர்வு தனிக் கணக்கு; அது அனுபவத்துக்குத் தரப்படுவது, விலைவாசிக்கு அல்ல.

இங்கேதான் என் மனம் அடித்துக்கொள்கிறது. அந்த ஆறு யாருடைய ஆறு? குறியீட்டுக் கூடையில் உணவுக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு இடம். வருமானம் குறையக் குறைய வீட்டுச் செலவில் சோற்றின் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இலேயே எழுதிவிட்டார். ஜாவியிலோ சுங்கை பாக்காப்பிலோ 1,700 வெள்ளியில் நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் கறிச் செலவு எவ்வளவு? நாடு முழுவதற்கும் போட்ட கூடையில் அந்த வீடு கரைந்து போகிறது. முட்டையும் கோழியும் விலை ஏறும்போது அந்த வீட்டில் ஏறும் விகிதம் வேறு. அதை மேசையில் சொல்ல வேண்டுமானால் அந்த வீட்டுப் பெண் எழுதிய நோட்டு வேண்டும்.

அந்த நோட்டு இன்று யார் வீட்டில் இருக்கிறது? உறவுக்காரர், நண்பர் என்று பத்துப் பன்னிரண்டு வீடுகளில் நானே கேட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை. சம்பளச் சீட்டு கைப்பேசியில் வருகிறது, கைப்பேசி மாறினால் போய்விடுகிறது. கூடுதல் நேரம் எத்தனை மணி பார்த்தோம் என்பதற்குக் கம்பெனியின் பதிவு தவிர வேறு பதிவு இல்லை. நம் பிள்ளைகள் இப்போது பத்து காவான், புக்கிட் மின்யாக், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில். மின்னியல் துறையில் 1988இல் கம்பெனிக்குள் சங்கம் அமைக்க வழி பிறந்தது, 2009இல் வட்டாரச் சங்கங்களுக்கு அனுமதி வந்தது. சிறிய சங்கம் ஆய்வாளர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்குமா? செயலாளரே இரவு வேலை முடிந்து கணக்கும் பார்க்கிறார். தோட்டத்தில் குலை வெட்டும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் ஊருக்கு அனுப்பும் பணம் எந்தப் பட்ஜெட்டிலும் வருவதில்லை. நாட்டில் நூறு தொழிலாளரில் சங்கத்தில் இருப்பவர் ஏழு பேர்கூட இல்லை. மீதிப் பேருக்குக் கணக்கு எழுத யாருமே இல்லை.

குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்துவிட்டது, 2013இல் 900 வெள்ளியில் தொடங்கி 2025இல் 1,700 ஆகிவிட்டது, இனிப் பேரத்துக்கு ஆய்வு எதற்கு என்பாரும் உண்டு. செம்பனை விலை உலகச் சந்தையில் முடிவாகிறது என்று முதலாளி தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த 900ஐ 1,700 ஆக்கவும் யாரோ ஒருவர் வீட்டுச் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 50 காசை 40 ஆக்கியபோதும் உலகச் சந்தையைத்தான் காட்டினார்கள்.

கிளம்பும்போது ஐயா என் சம்பளச் சீட்டைப் பற்றிக் கேட்டார். போன மாதத்தது இருக்கிறது, அதற்கு முந்தியது இல்லை என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் அலமாரியிலிருந்து கோடு போட்ட புதிய நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்தார்.

"வீட்டுல தங்கச்சிகிட்ட கொடுங்க தம்பி. அரிசியில இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க."

முதல் பக்கத்தில் அன்றைய தேதியை மட்டும் அவரே எழுதிக் கொடுத்தார்.