முகாமுக்குப் போகிறீர்களா? முதலில் மருந்துக்கு மின்சாரம்

“டொக்டர், பிள்ளையள் ட்ரெயிலர் கொண்டு காம்பிங் போகினம். நான் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன். நான் போனால் அதுகளுக்குக் கரைச்சல்.”

பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் யாராவது ஓர் அம்மாவோ ஐயாவோ எனது அறையில் இருந்து இதைச் சொல்வதுண்டு. கரைச்சல் என்று அவர்கள் குறிப்பிடுவது, குளிரில் வைக்க வேண்டிய இன்சுலினை அல்லது இரவில் முகத்தில் மாட்டிக்கொண்டு நித்திரை கொள்ளும் சீபாப் இயந்திரத்தை. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். காட்டுக்குள் மின்சாரத்துக்கு எங்கே போவது?

அவுஸ்திரேலியாவில் வாழும் எமது குடும்பங்களில் பலர் இப்போது காம்பர் ட்ரெயிலரை வாகனத்தின் பின்னால் கொழுவிக்கொண்டு, மண் பாதை வழியே தூர இடங்களுக்குப் போகிறார்கள். நல்ல விடயம்தான். பிள்ளைகள் தொலைபேசியைக் கீழே வைக்கிறார்கள், பெரியவர்கள் நடக்கிறார்கள். ஆனால் அம்மாவும் அப்பாவும் வீட்டில் தங்கிவிடுகிறார்கள் அல்லது இயந்திரத்தை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். இரண்டும் தேவையில்லை. நான் மின்பொறியியலாளன் அல்லன். ஆனால் இந்த விடயத்தில் பிழைவிட்டுப் பாடம் கற்றவன். அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

எனது பிழை

எனக்கும் நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய் உண்டு. ஆங்கிலத்தில் சிலீப் அப்னியா என்பார்கள். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ளும். ஒட்சிசன் குறையும், மூளை திடுக்கிட்டு எழுப்பும், மறுபடி மூடும். கடுமையான நோயாளருக்கு இது ஒரு மணித்தியாலத்தில் 30 தடவைக்கு மேல் நடக்கும். காற்றை மெல்லிய அழுத்தத்தில் ஊதி மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருப்பதே சீபாப் இயந்திரத்தின் வேலை. இந்தச் சிகிச்சையை 1981இல் உலகுக்கு அறிவித்தவர்கள் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கொலின் சலிவனும் அவரது குழுவினருமே.

2022 ஜூலை விடுமுறையில் நான்கு குடும்பங்களாக, விக்ரோறியாவின் வடமேற்கு மூலையிலுள்ள மறே சன்செற் தேசியப் பூங்காவுக்குப் போனோம். இளஞ்சிவப்பு ஏரிகள் உள்ள இடம். மின் இணைப்பு இல்லை. இரவல் ட்ரெயிலரில் 100 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று இருந்தது. “நூறு இருக்குது, காணும்” என்று நினைத்தேன். கணக்குப் பார்க்கவில்லை.

கடைசி இரவு நல்ல குளிர். பகல் முழுவதும் பிறிட்ஜ் ஓடியது. இரவுச் சாப்பாட்டுக்கு யாரோ இன்வேட்டரில் றைஸ் குக்கரைப் போட்டார்கள். நானும் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சீபாப்பின் சூட்டு ஈரமூட்டியைப் போட்டுக்கொண்டு படுத்தேன். அதிகாலை 2 மணியளவில் பற்றரி முடிந்தது. இயந்திரம் நின்றது எனக்குத் தெரியாது. மனைவிக்குத்தான் தெரிந்தது. விடியும்வரை என்னைத் தட்டித் தட்டித் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறார்.

காலையில் தலையிடி. “ஒரு இரவுதானே” என்று வாகனத்தை எடுத்தேன். கோல்டர் நெடுஞ்சாலையில் வீதியோர வெள்ளைக் கோட்டின் மேடுகள் ரயரில் அதிர்ந்தபோதுதான் கண் திறந்தேன். பின் இருக்கையில் எங்கள் இரு பிள்ளைகள். வாகனத்தின் பின்னால் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட ட்ரெயிலர். இயந்திரம் இல்லாமல் நித்திரை கொண்டால் மறுநாள் வாகனம் ஓட்ட வேண்டாம் என்று நோயாளருக்குச் சொல்லிவந்தவன் நான். மிச்சத் தூரத்தை மனைவி ஓட்டினார்.

கணக்கு மிகச் சுலபம்

ஒரு கருவி இழுக்கும் வாட் அளவை, அது ஓடும் மணித்தியாலங்களால் பெருக்கினால் வருவது வாட் மணி. அதை 12ஆல் பிரித்தால் 12 வோல்ற் பற்றரியிலிருந்து போகும் அம்பியர் மணி. இவ்வளவுதான்.

சூடு இல்லாமல் ஓடும் இக்காலச் சீபாப் இயந்திரம் நடுத்தர அழுத்தத்தில் ஏறத்தாழ 10 வாட் இழுக்கும். 8 மணித்தியாலத்துக்கு 80 வாட் மணி. சூட்டு ஈரமூட்டியும் சூட்டுக் குழாயும் சேர்ந்தால் 50 வாட்டுக்கும் போகலாம். அப்போது ஓர் இரவுக்கு 400 வாட் மணி. ஐந்து மடங்கு! இயந்திரத்தின் மின்பெட்டியில் 90 வாட் என்று எழுதியிருப்பது உச்ச அளவு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முகமூடி சரியாகப் பொருந்தாமல் காற்று ஒழுகினால் இயந்திரம் கூடுதலாக உழைக்கும், பற்றரியும் விரைவில் இறங்கும்.

40 லீற்றர் அளவிலான முகாம் பிறிட்ஜ் மிதமான காலநிலையில் நாளொன்றுக்கு 400 முதல் 500 வாட் மணி எடுக்கும். கோடையில் இன்னும் கூட. எல்ஈடி விளக்குகளுக்கும் தொலைபேசிகளுக்கும் 100 போதும். 700 வாட் றைஸ் குக்கர் அரை மணித்தியாலத்தில் 350 வாட் மணியை விழுங்கிவிடும். அதாவது ஒரு பானைச் சோற்றின் மின்சாரத்தில் நான் நான்கு இரவு மூச்செடுத்திருக்கலாம். சோற்றைக் காஸ் அடுப்பில் காய்ச்சுங்கள்.

இனிப் பற்றரி. 100 அம்பியர் மணி ஏஜிஎம் ஈயப் பற்றரியில் அரைவாசியை, ஏறத்தாழ 600 வாட் மணியைத்தான் அதன் ஆயுள் குறையாமல் பாவிக்கலாம். அதே அளவு லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி 1,000 வாட் மணிக்கு மேல் தரும். நிறையும் ஏறத்தாழ அரைவாசிதான். ஏஜிஎம் 30 கிலோ வரை இருக்கும். நாரி நோவுள்ளவர்கள் அதைக் குனிந்து தூக்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

மருந்துக்கு ஒரு பற்றரி, சாப்பாட்டுக்கு ஒரு பற்றரி

இந்தக் கட்டுரையில் ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பதென்றால் இதை வைத்திருங்கள். சீபாப் இயந்திரத்துக்கென்று தனியாக ஒரு சிறிய பற்றரிப் பெட்டி வையுங்கள். 300 வாட் மணிப் பெட்டி, சூடு இல்லாமல் இரண்டு மூன்று இரவுக்குப் போதும். அதில் பேரப்பிள்ளையின் ஐபாட்டும் இல்லை, தம்பியின் பாட்டுப் பெட்டியும் இல்லை. பிறிட்ஜும் விளக்கும் ட்ரெயிலரின் பெரிய பற்றரியில் ஓடட்டும். அது இறங்கினால் பால் புளிக்கும், அவ்வளவுதான்.

இயந்திரத்தை இன்வேட்டர் வழியாக ஓட்ட வேண்டாம். 12 வோல்ற்றை 240 ஆக்கி மறுபடி குறைப்பதில் பத்து வீதத்துக்கு மேல் வீணாகும். உங்கள் இயந்திரத்துக்கென்றே விற்கப்படும் நேர்மின் இணைப்பியை வாங்குங்கள். சில இயந்திரங்களுக்கு 24 வோல்ற் தேவை. அவற்றின் இணைப்பி 12ஐ 24 ஆக்கித் தரும். குத்துமதிப்பாக வேறு வயரைக் கொழுவ வேண்டாம்.

ஈரமூட்டியின் சூட்டை நிறுத்தினால் மூக்கு வறளும் என்பார்கள். உண்மைதான். படுக்குமுன் உப்புநீர் மூக்குத் தெளிப்பைப் பாவியுங்கள். சில நாட்களுக்கு அது போதும். குலுங்கும் பாதையில் இறங்குமுன் ஈரமூட்டியின் தண்ணீரைக் கட்டாயம் ஊற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் இயந்திரத்துக்குள் போய்விடும்.

பற்றரியை நிரப்புவது

ஓடும் வாகனத்திலிருந்து ட்ரெயிலர் பற்றரிக்கு வெறும் வயர் மட்டும் இழுத்தால், தூரத்தில் வோல்ற்று குறைந்து பற்றரி ஒருபோதும் நிரம்பாது. புதிய வாகனங்களில் இது இன்னும் மோசம். பற்றரிக்கு அருகில் நேர்மின்னிலிருந்து நேர்மின் சார்ஜர் ஒன்றும், தடித்த வயரும், பற்றரியின் நேர்முனைக்கு அருகில் பியூஸும் வேண்டும். 25 அம்பியர் சார்ஜர், நாலைந்து மணித்தியால ஓட்டத்தில் 100 அம்பியர் மணிப் பற்றரியை ஏறக்குறைய நிரப்பிவிடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்விப்பது நல்லது. 240 வோல்ற் வேலையை அனுமதிப்பத்திரம் பெற்ற மின்வேலையாளர் மட்டுமே செய்யலாம். அது சட்டம்.

ஓரிடத்தில் தங்குவதென்றால் சோலர் தகடு தேவை. 200 வாட் மடிப்புத் தகடு கோடையில் நாளுக்கு 800 வாட் மணி வரை தரும். விக்ரோறியாவின் குளிர்காலத்தில் அதில் பாதியே கிடைக்கலாம். ட்ரெயிலரை நிழலில் விடுங்கள், தகட்டை வெயிலில் விரியுங்கள். லித்தியம் பற்றரியைப் பூச்சிய பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உறைபனி விழுந்த காலையில் சற்றுப் பொறுத்திருங்கள்.

இன்சுலின்: சூட்டைவிடக் குளிரே எதிரி

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். பாவனையிலுள்ள பேனாவைப் பெரும்பாலும் 25 அல்லது 30 பாகைக்குக் கீழே ஏறக்குறைய நான்கு வாரம் வெளியே வைத்திருக்கலாம். உங்கள் இன்சுலினின் பெட்டியில் உள்ளதைப் பாருங்கள். ஆகவே இரண்டு நாள் பயணத்துக்கு பிறிட்ஜே தேவைப்படாமல் இருக்கலாம். தண்ணீரில் நனைத்து வைக்கும், ஆவியாதலால் குளிரும் துணிப்பை ஒன்று போதும்.

முகாம் பிறிட்ஜ் உறைநிலைக்குப் போகக்கூடியது. இறைச்சி உறையட்டும் என்று யாராவது பொத்தானை அமத்தினால் இன்சுலினும் உறையும். உறைந்த இன்சுலின் இளகிய பின் பார்வைக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் வேலை செய்யாது. எறிந்துவிடுங்கள். இன்சுலினை ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் துணி சுற்றி, சுவரில் படாமல் வையுங்கள். பக்கத்தில் சிறிய வெப்பமானி ஒன்று இருக்கட்டும். பூட்டிய வாகனத்தில் இன்சுலினையோ குளுக்கோஸ் மானியையோ விடவே வேண்டாம். நடை கூடும் நாட்களில் சீனி இறங்கும் என்பதால் சட்டைப்பையில் இனிப்பு இருக்கட்டும்.

மின்சாரம் தேவைப்படாதது

ஆஸ்த்மா உள்ள பிள்ளைக்கு நெபுலைசர் கொண்டுபோக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்கு பஃபரும் ஸ்பேசரும் அதேயளவு பயன் தரும். 4 பஃப் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் பொறுத்திருந்து, குறையாவிட்டால் இன்னும் 4. அதற்கும் குறையாவிட்டால் 000. தொலைபேசித் தொடர்பு இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் செய்மதி வழியாக உதவி கேட்கும் அவசரக் கருவி ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் ஒட்சிசன் பாவிப்பவர்கள் தங்கள் மருத்துவக் குழுவைக் கேட்காமல் பயணம் போக வேண்டாம்.

ஒருபோதும் செய்யக் கூடாதது

பற்றரி முடிந்துவிட்டது, குளிர்கிறது என்று கூடாரத்துக்குள் கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ கொண்டுவர வேண்டாம். ஜெனரேற்றரைக் கூடாரத்துக்கு அருகிலோ தாழ்வாரத்திலோ ஓட்ட வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, ஓங்காளம், குழப்பம் என்று தடிமன் காய்ச்சல் போலத் தொடங்கும். நித்திரையில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. அணைந்ததுபோல் தெரியும் தணலும் இந்த வாயுவை விடும். குளிருக்குப் போர்வையும் சுடுநீர்ப் போத்தலுமே மருந்து.

வீட்டில் ஒத்திகை

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, வீட்டில் உங்கள் கட்டிலிலேயே பற்றரியில் மட்டும் இயந்திரத்தைப் போட்டு இரண்டு இரவு நித்திரை கொள்ளுங்கள். காலையில் எத்தனை வீதம் மிச்சம் என்று எழுதுங்கள். பயண நாட்களுக்கு அது போதுமா? அதற்கு மேல் ஓர் இரவுக்குக் கையிருப்பு உண்டா? இல்லையென்றால் திருத்துவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. அப்படியிருந்தும் முகாமில் இயந்திரம் நின்றுவிட்டால், பக்கவாட்டில் படுங்கள், மதுவையும் நித்திரைக் குளிசையையும் தவிருங்கள், மறுநாள் வாகனச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள்.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்கு இளவயது. பின்னர் மருத்துவம் படித்ததும் ஜாம் போத்தல் விளக்கில்தான். ரோச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். இன்சுலின் குப்பிகளை ஈரமணல் போட்ட மண்முட்டிக்குள் வைக்கும்படி நோயாளருக்குச் சொல்லிக்கொடுத்தோம். இருக்கிற கொஞ்சத்தில் எது முதல், எது பிறகு என்று அப்போது எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இங்கே எல்லாம் தாராளமாகக் கிடைப்பதால் அந்தக் கணக்கை மறந்துவிட்டோம். நானும்தான் மறந்தேன்.

ஆகவே அடுத்த பயணத்துக்குச் சாமான் பட்டியல் எழுதும்போது அம்மாவின் இன்சுலினையும் அப்பாவின் இயந்திரத்தையும் முதல் வரியில் எழுதுங்கள். றைஸ் குக்கரைக் கடைசியில் எழுதி, பிறகு அதையும் வெட்டிவிடுங்கள். “கரைச்சல்” என்று சொல்லும் பெரியவரிடம் பற்றரிப் பெட்டியைக் காட்டி, “இது உங்களுக்கு மட்டும், வேறு ஒருவரும் தொடமாட்டினம்” என்று சொல்லிப் பாருங்கள். அவர்களும் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.