டின்னைத் திறந்த பிறகு வருகிற வினை

"ராத்திரி மீன் சாப்பிட்டேன் டாக்டரம்மா, அலர்ஜி ஆயிருச்சு." நோயின் பெயரையும் அவர்களே வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்கு முன் மெடிக்கலில் ஒரு 'செட்' மாத்திரை போட்டாயிற்று. அது கேட்கவில்லை என்று இன்னொரு செட். மறுநாள் ஷிஃப்டும் போன பிறகுதான் என் ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் இந்தக் கதையில் சந்தை மீன்தான் வரும். இப்போது டின் மீனும் சேர்ந்துகொண்டது.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் கடல் எட்டாத ஊர்கள். கண்மாய் மீனை விட்டால், தூத்துக்குடியிலிருந்தோ செங்கோட்டை வழியாகக் கொல்லத்திலிருந்தோ ஐஸ் பெட்டியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் குலுங்கி வருவதுதான் நமக்குக் கடல் மீன். நூற்பாலையில் நின்று கால் கடுத்து வருகிற பெண் அதை வாங்கி, செதில் உரசி, அலசி, குழம்பு வைத்து இறக்குவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். வளைகுடாவிலிருந்து வந்த பெட்டியிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ கிடைத்த டின்னைத் திறந்து இருபது நிமிடத்தில் சாப்பாட்டை முடிப்பதில் ஒரு தப்பும் இல்லை. இலங்கைத் தமிழர் வீடுகளில் டின் மீன் குழம்பு வெகு காலமாகவே சாதாரணச் சாப்பாடு.

சத்திலும் குறைவில்லை. டின் சாளை 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. முள் வெந்து பொடியாகிவிடுவதால் அதையும் மென்று தின்னலாம். அப்படித் தின்றால் 380 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். அதே அளவு பாலில் இருப்பதைப் போல மூன்று மடங்கு இது.

'கெடாமல் இருக்க மருந்து போடுகிறார்கள்'

வாரம் தவறாமல் கேட்கிற வசனம் இது. டின் மீன் கெடாமல் இருக்க மருந்து தேவையில்லை. காற்றுப் புகாமல் மூடி, அழுத்தக் கலனில் 121 டிகிரி அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். கிருமிகளும் அவற்றின் வித்துகளும் அதில் செத்துப்போகின்றன. வெளியிலிருந்து புதிதாக எதுவும் நுழைய வழியில்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதே முறையில் மீன் குழம்பைப் பையில் அடைக்கும் தொழில்நுட்பத்தையும் உருவாக்கியிருக்கிறது. டின்னுக்குப் பயப்படுகிறவர்கள், ஐஸ் உருகிய பெட்டியில் மதியம் வரை கிடந்த மீனைப் பயமில்லாமல் வாங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

எல்லாமே அலர்ஜி இல்லை

சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து எரிகின்றன. தலை இடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தடிப்பு, வயிற்றுப்போக்கு. அலர்ஜி போலவே இருக்கும். ஆனால் பல நேரம் இது மீனில் உருவான ஹிஸ்டமின் நச்சால் வருவது. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் வெதுவெதுப்பில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். டின்னில் அடைக்கும் முன்பே மீன் கெட்டிருந்தாலும் வரும். நீங்கள் திறந்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு மறந்தாலும் வரும்.

நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடும் என்கிறார்கள். போகாது. பாக்டீரியா சாகும், அது உண்டாக்கிய ஹிஸ்டமின் சாகாது. புளி, மஞ்சள், பூண்டு, ஃப்ரீசர் எதுவும் அதை அசைக்காது. மணத்தை வைத்தும் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. சில சமயம் நாக்கில் மிளகு போல் சுரீர் என்று இருக்கும். அப்படி இருந்தால் துப்பிவிடுங்கள். டின் சாளையில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்கிறது பன்னாட்டு உணவுத் தர விதி.

ஒரே சட்டியில் சாப்பிட்ட நான்கு பேரில் மூன்று பேருக்கு வந்தால், அது அநேகமாக ஹிஸ்டமின்தான். இதை 'மீன் அலர்ஜி' என்று முத்திரை குத்தி, வளரும் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க மீனை நிறுத்திய பெற்றோர் உண்டு. நிஜ அலர்ஜியைச் 'சூடு' என்று விட்டவர்களும் உண்டு. உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, மயக்கம் வந்தாலோ செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை காப்பாற்றாது. அட்ரினலின் ஊசி வேண்டும், 108 வேண்டும்.

காச நோய்க்கு ஐசோநயசிட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உடல் ஹிஸ்டமினை உடைத்து வெளியேற்றும் வேலையை அந்த மாத்திரை தடுக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத மீன்கூட உங்களைச் சாய்த்துவிடலாம். சிகிச்சை முடியும்வரை சூரையைத் தொடாதீர்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வந்தது அலர்ஜியா, ஹிஸ்டமினா என்று அறியப் பரிசோதனையா? பெரும்பாலும் தேவைப்படாது, நடந்ததை வரிசையாகச் சொன்னாலே போதும்.

அந்தச் 'செட்' மாத்திரையில் என்ன இருக்கிறது?

உங்களுக்குத் தெரியாது. பட்டையைக் கிழித்துக் காகிதத்தில் மடித்துத் தருவதால் எனக்கும் தெரியாது. பல நேரம் அதில் ஒரு ஸ்டீராய்டு இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு மறுநாள் சர்க்கரை எகிறும், அதற்கும் மீனைத்தான் திட்டுவார். இதைவிடக் கொடுமை, வாந்தி எடுக்கட்டும் என்று குழந்தைக்கு உப்பைக் கரைத்துக் கொடுப்பது. ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும், உயிரும் போகும். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

உப்பிய டின்

மூடி உப்பியிருந்தாலோ, ஓரம் கசிந்தாலோ, திறக்கும்போது பீய்ச்சி அடித்தாலோ அதை ருசி பார்க்காதீர்கள். 'நாய்க்காவது போடலாம்' என்று ராஜபாளையத்துக்காரர்கள் நினைக்க வேண்டாம். நாய் என்ன பாவம் செய்தது? இப்படிக் கெட்ட டின்னால் வரக்கூடிய போட்டுலிசம் என்ற நச்சு நோய் அரிது, வந்தால் பொல்லாதது. 1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரே டின் சால்மனைச் சாப்பிட்ட நால்வரில் இருவர் இறந்தார்கள். 2023 செப்டம்பரில் பிரான்சின் போர்தோவில் பரவிய போட்டுலிசத்துக்குக் காரணம், ஓர் உணவகம் தானே பாட்டிலில் அடைத்த சாளை. அளவு தெரியாமல் எண்ணெயில் மீன் ஊறுகாய் போட்டு மாதக்கணக்கில் வெளியே வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது இதன் அடையாளங்கள். மந்திரிக்கப் போகாமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

மீனும் பால்கோவாவும்

மீன் சாப்பிட்டுப் பால், தயிர் சாப்பிட்டால் வெண்புள்ளி வருமாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு மீன் சாப்பிட்ட அன்று பால்கோவாவைத் தொட மாட்டேன் என்பவர்களை எனக்குத் தெரியும். வெண்புள்ளி, நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது. மீனுக்கும் பாலுக்கும் அதில் பங்கில்லை. சர்க்கரை நோய் இருந்தால் பால்கோவாவைத் தவிருங்கள், அது வேறு கணக்கு.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவலைப்பட வேண்டியது உப்புக்குத்தான். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்கு உள்ளே நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். டின்னில் உள்ள உப்புநீரை வடித்துவிடுங்கள், குழம்பில் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், அன்றைக்கு அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம். யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குகிறவர்களுக்குச் சாளை டின் ஆகாது.

இவ்வளவு செய்தால் போதும், செய்யுங்கள்

சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு வதக்கி, குழம்புப் பொடியும் புளியும் விட்டு நன்றாகக் கொதித்த பிறகு மீனைப் போடுங்கள். அது ஏற்கெனவே வெந்தது; ஐந்து நிமிடம் போதும். ஒருவேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுள்ள சின்ன டின்னாக வாங்குங்கள். மீந்தால் டின்னோடு வைக்காமல் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடியுங்கள். கரண்டு போய் ஃப்ரிட்ஜ் வெகுநேரம் நின்றிருந்தால் கொட்டிவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரம்தான் கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். நைட் ஷிஃப்டுக்குத் தூக்குச்சட்டியில் மீன் குழம்பு கொண்டுபோகிறவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அதற்குப் பதில் துவையல் கொண்டுபோங்கள், மீனை வீட்டில் சுடச்சுடச் சாப்பிடுங்கள். அப்படியும் முகம் சிவந்து எரிந்தால் மெடிக்கலுக்குப் போகாமல், டின்னைத் தூக்கி எறியாமல், கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். அன்று இரவே வாருங்கள்.