சபாநாயகர் சோம்நாத் சட்டர்ஜி

ஊரில் கபடிப் போட்டி நடக்கிறது. நடுவராக நிற்பவர் நம் தெருக்காரர். அதற்காக நம் அணிக்குப் புள்ளி கூட்டிக் கொடுக்கலாமா? கூடாது. விசிலை வாயில் வைத்துவிட்டால் அவர் இரண்டு அணிக்கும் பொதுவானவர்.

டில்லியில் உள்ள மக்களவையிலும் இப்படி ஒரு நடுவர் உண்டு. அவர்தான் சபாநாயகர். யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம் என்று அவர் சொல்வார். அவரும் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர்தான். ஆனால் அவையில் ஓட்டெடுப்பு நடந்தால் அவர் ஓட்டுப் போடுவதில்லை. இரு பக்கமும் ஓட்டு சமமாக விழுந்தால் மட்டும் போடலாம்.

2004 முதல் 2009 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் சோம்நாத் சட்டர்ஜி. இவர் 1929-ஆம் ஆண்டு அசாம் மாநிலம் தேஜ்பூரில் பிறந்தார். இங்கிலாந்து போய்ச் சட்டம் படித்தார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்காடினார். அப்பாவும் வக்கீல்தான், நாடாளுமன்ற உறுப்பினர்தான். ஆனால் அப்பா இந்து மகாசபைத் தலைவராக இருந்தவர். மகனோ 1968-இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஒரே வீட்டில் இரண்டு வழி!

1971-இல் பர்த்வான் தொகுதியில் வென்று மக்களவைக்குப் போனார். மொத்தம் பத்து முறை வென்றார். தோற்றது ஒரே முறை. 1984-இல் ஜாதவ்பூரில் அவரைத் தோற்கடித்தவர் ஓர் இளம்பெண். அவர்தான் பின்னாளில் மேற்கு வங்க முதலமைச்சரான மம்தா பானர்ஜி.

2004-இல் காங்கிரஸ் தலைமையில் ஆட்சி அமைந்தது. மார்க்சிஸ்ட் கட்சி வெளியில் இருந்து ஆதரவு கொடுத்தது. எல்லாக் கட்சியினரும் ஒப்புக்கொண்டு சோம்நாத்தைச் சபாநாயகர் ஆக்கினார்கள். அவர் காலத்தில்தான், 2006-இல், மக்களவைக்கென்று தனித் தொலைக்காட்சி வந்தது. நாம் அனுப்பியவர் அங்கே பேசுகிறாரா, கூச்சல் போடுகிறாரா என்று வீட்டில் இருந்தே பார்க்க முடிந்தது.

2008-இல் சோதனை வந்தது. அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் செய்ய அரசு முடிவு செய்தது. மார்க்சிஸ்ட் கட்சி அதை எதிர்த்து ஆதரவை விலக்கிக்கொண்டது. ஆட்சி நிற்குமா, விழுமா? ஜூலை 22-ஆம் தேதி ஓட்டெடுப்பு.

பதவியை விட்டு இறங்குங்கள் என்று கட்சி சொன்னது. இறங்கினால் சாதாரண உறுப்பினராக அரசுக்கு எதிராக ஓட்டுப் போடலாம். கட்சியின் பக்கமும் நியாயம் இருந்தது. தேர்தலில் அவரை நிறுத்தியது கட்சிதானே? சோம்நாத் மறுத்தார். சபாநாயகர் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை என்றார்.

அன்று அவரே அவையை நடத்தினார். அரசுக்கு 275 ஓட்டு, எதிராக 256 ஓட்டு. ஆட்சி தப்பியது. மறுநாள் கட்சி அவரை நீக்கியது. நாற்பது ஆண்டு உறவு ஒரே நாளில் அறுந்தது. அப்போது அவருக்கு வயது 79 ஆக இரண்டு நாள்தான் இருந்தது.

அதன்பின் அவர் தேர்தலில் நிற்கவில்லை. 2018 ஆகஸ்டு 13-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். உடல்மீது கட்சிக் கொடியைப் போர்த்தக் குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. அவர் வாதாடிய உயர் நீதிமன்றத்துக்கு உடலைக் கொண்டு போனார்கள். பிறகு மருத்துவ மாணவர்கள் படிப்பதற்காக மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள்.